பெரிய குஞ்சுகளைப் பிரித்த தொட்டி

மண்டபம்
12.9.1984

அன்பு மகன் உக்கிரபாண்டிக்கு அய்யா எழுதுவது. நயினார்கோவில் நாகநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தம்பி மலையாண்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். ஊரில் இந்த வருஷமும் மழை ஏய்த்துவிட்டது, நம் நிலத்தில் கருவேலமுள் மண்டிக் கிடக்கிறது, அதனால் இந்த விலாங்குமீன் பண்ணை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பும் பேச்சே இல்லை. தங்குவதற்கு ஒரே அறை, கதவைத் திறந்தால் தொட்டி, ஜன்னலைத் திறந்தாலும் தொட்டி, சோற்றில்கூடக் கவிச்சி வாடை. எங்கே போய் முட்டிக்கொள்வது சொல்.

தம்பிக்கு நீ அனுப்பிய விசா வந்து பத்து நாளாகிறது. அக்டோபர் பத்தாம் தேதிக்குள் அவன் பம்பாய் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "எம் புள்ளைக ரெண்டும் ஒரே ரூமுல இருக்கப் போகுதுக" என்று பண்ணை முழுக்கச் சொல்லிவிட்டாள், ஏர்வாடி வரைக்கும் போய் நேர்ந்துகொண்டும் வந்துவிட்டாள். மலையாண்டி மட்டும் அன்றைக்குத் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனவன்தான், இந்தப் பத்து நாளும் பாதிச் சோறுதான்.

நான் சொல்ல வந்தது வேறு, அது சட்டென்று வர மாட்டேன் என்கிறது, அதனால் முதலில் நான் இங்கே செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வைகாசியில் ஒரு தொட்டி விரிசல் விட்டுத் தண்ணீர் வடிந்துபோனது. தொட்டிக்கு ஐந்நூறு குஞ்சுக்கு மேல் விடக்கூடாது என்பது மேனேஜர் சீனி முகம்மதுவின் கண்டிப்பு, ஆனால் அவர் அப்போது இரண்டு மாத வேலையாக மெட்ராஸ் போயிருந்தார். நான்தான் உழுது பிழைத்த பெரிய சம்சாரி ஆயிற்றே! நாற்றங்காலில் நாற்று நெருங்கி நின்றால்தானே நேராக வளரும், விலாங்குக் குஞ்சுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று, அதிலிருந்த ஐந்நூறையும் ஏற்கெனவே நிறைந்திருந்த பக்கத்துத் தொட்டியில் கொட்டிவிட்டேன். ஆறு வாரத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு முப்பது நாற்பது மட்டும் சுண்டுவிரல் தடிமனுக்குப் பெருத்துத் தீனித் தட்டைச் சுற்றியே கிடந்தன, மற்றதெல்லாம் நூலாக மெலிந்து, வாலில் கடிபட்டு, மூலையில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. தினமும் பத்து இருபது செத்து மிதந்தது. தீனியைக் கூட்டிப் போட்டேன், பெருத்தது இன்னும் பெருத்தது. சரி, இந்தச் சோனிகள் உருப்படாது என்று மெலிந்ததை அள்ளி எறியப் போனபோதுதான் சீனி முகம்மது வந்து சேர்ந்தார். தலையில் அடித்துக்கொண்டு, "யோவ் சம்சாரி, சின்னதுக்கு ஒரு சீக்கும் இல்லைய்யா, பெருசைப் பிடிச்சு அங்கன விடும்" என்றார். விரிசலைப் பூசி, பெரியதையெல்லாம் சல்லடையில் பிரித்து அந்தத் தொட்டிக்கு மாற்றினோம். நாலாம் நாள், மூலையில் கிடந்ததெல்லாம் தட்டுக்கு வந்து தின்றதடா. அதே தண்ணீர், அதே தீனி.

சல்லடை பிடித்தவன் மலையாண்டி. அவனையும் அந்தச் சின்னக் குஞ்சுகளையும் மாறி மாறிப் பார்த்தேன். நீ போன இந்த இரண்டு வருஷத்தில் அவனுக்குத் தோள் அகன்றிருக்கிறது, நாலு பேரிடம் பேசுகிறான், சிரிக்கிறான், பம்பு மக்கர் பண்ணினால் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். நீ இருந்த வரைக்கும் அவன் தட்டு மீனை நீ எடுத்துக்கொள்வாய், எதிர்த்துப் பார்த்தால் மாடு ஓட்டும் தார்க்குச்சியால் முதுகில் இழுப்பாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏர் பிடிக்க நீ வேண்டும், அதனால் உன்னை ஒரு வார்த்தை அதட்டவில்லை. தப்பு என்னுடையது. நீ கெட்டவன் இல்லை, தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிறாய். "என் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டிருக்கிறேன், என் கண்ணை விட்டு நகர விடமாட்டேன்" என்று பாசத்தில்தான் எழுதினாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவன் அங்கே வர வேண்டாமப்பா. இதை உன் அம்மாவிடம் சொன்னால், பிள்ளை பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்ட பாவி என்பாள். சொல்லாவிட்டால் அவன் ரயில் ஏறிவிடுவான், மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்களே, அந்தப் பிழைப்புத்தான் என் பிழைப்பு, அவளோடு சேர்ந்து பெட்டி வாங்கப் போய்விட்டு வந்து உனக்கு இதை எழுதுகிறேன். கம்பெனியில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று நீயே உடனே ஒரு கடிதம் போட்டுவிடு. உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. போன இடத்தில் உனக்கு நல்ல நிழலும் நல்ல மனிதர்களும் வாய்க்கட்டும், குலதெய்வம் கூட நிற்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் எழுத்து எனக்குப் புரியாது, உன் கடிதத்தை எல்லாம் எங்களுக்கு வாசித்துக் காட்டுவது மலையாண்டிதான். ஒவ்வொரு கடிதத்திலும் அவனை வைது ஒரு வரி எழுதுவாய், அதையும் விடாமல் அவனே சத்தமாக வாசிப்பான். இந்தத் தடவை அது வேண்டாமடா.

இப்படிக்கு,
உன் அய்யா
மூக்கையா