ஒரு மணிச் சங்கு

ராயபுரம்
3-9-88

தங்கச்சி தாயம்மாவுக்கு அண்ணன் கன்னியப்பன் எழுதுவது. நான் நலமாக இல்லை. அந்த எரிச்சலில் உன் நலத்தை விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆர்பரில் மூட்டை தூக்கும் எங்கள் கேங்குக்குப் போன மாதம் நாலே நாள் வேலை. முன்பெல்லாம் ஒரு கப்பலை நிரப்ப ஒரு வாரம் ஆகும். ராயபுரமே அதில்தான் சாப்பிட்டது. இப்போது உங்கள் அம்பத்தூர் யார்டிலேயே சரக்கைக் கன்டெய்னர் பெட்டியில் அடைத்து சீல் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். கிரேன் தூக்கி வைத்ததும் கப்பல் கிளம்பிவிடுகிறது. நாங்கள் மூட்டை இழுக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம். நேற்று எங்கள் கேங்கு கஜபதி ஒரு பெட்டி லாரியை மறித்து, டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டுக் கொக்கியால் தாடையைக் கிழித்துவிட்டான். ரத்தத்தைப் பார்த்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்னும் ரெண்டு போடுடா என்றுதான் தோன்றியது.

அந்தப் பெட்டிகளை அடைப்பது நீயும் மச்சானும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. வேலையை விடச் சொல். அங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள், எப்போது சாப்பிட விடுகிறார்கள், எல்லாம் எழுது. மருமகள் பேபியை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்
கன்னியப்பன்


கள்ளிக்குப்பம்
9-9-88

அன்புள்ள அண்ணனுக்குத் தாயம்மா எழுதுவது. உன் கடிதத்தைப் படிக்கக் கேட்டு உன் மச்சான் சிரித்தார். "இன்னாமே, உங்க அண்ணன் ஆர்பர்ல மூட்டை தூக்கினப்போ நான் போயி பங்கு கேட்டனா? இப்போ கப்பலே நம்ம ஊட்டாண்ட வந்துகீது. வுட்டுட்டு எங்க போறது?" என்கிறார்.

எனக்கும் அதுதான் கேள்வி. நானும் அவரும் சூளையில் செங்கல் சுமந்து செத்தோமே, அப்போது உனக்கு வயிறு எரிந்ததா? யார்டு வந்த பிறகு இங்கே டீக்கடை, மெஸ், பஞ்சர் கடை என்று தெருவே மாறிவிட்டது. பேபி எட்டாவது படிக்கிறாள். போன வாரம் ஆர்பர் ஆட்கள் வந்து கல்லெறிந்து எங்கள் வாட்ச்மேன் மண்டையைப் பிளந்துவிட்டார்கள். ஏழு தையல். அவர்களிடம் நீ புத்தி சொல்லக் கூடாதா?

நாங்கள் நாற்பது பேர். ஒரு மணிக்குச் சங்கு ஊதினால் வேலையை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே பந்தலில் சாப்பிடுவோம். இவ்வளவு விசாரிக்கிறாயே, ஒரு நாள் வந்து என் கையால் சாப்பிட்டால் என்ன?

உன் தங்கை
தாயம்மா


எண்ணூர்
24-9-88

தாயம்மா,

பயந்துபோயிருப்பாய். மூன்று நாளாக எண்ணூரில், கவர் மேல் முகவரி எழுதியிருக்கும் கூட்டாளி லோகநாதன் வீட்டில் ஒளிந்திருக்கிறேன். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் என் காதுக்கு வரவில்லை.

புதன்கிழமை உங்கள் யார்டில் புகுந்தவர்களில் நானும் ஒருவன். காலையிலேயே நுழைந்து ஆட்களை வெட்டலாம் என்றான் கஜபதி. "டேய், என் தங்கச்சி கீறா உள்ள. அவ மேல கைய வெச்ச, உன் கழுத்துல கொக்கிய மாட்டிடுவேன்" என்று மிரட்டி, ஒரு மணிக்கு மாற்றியவன் நான்தான். சாப்பாட்டு மணி அடித்துவிட்டால் கப்பலின் சரக்கறையில் ஒரு ஆள் இருக்கக் கூடாது, எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும். அது எங்கள் சட்டம். இத்தனை வருஷத்தில் யாரும் மீறிப் பார்த்ததில்லை.

பாதி அடைத்த பெட்டி ஒன்று திறந்துகிடந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகளின் மேல் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினோம். நெருப்பு பந்தல் பக்கம் வந்து உன்னைத் தொட்டுவிடக் கூடாதே என்று, இரும்புக் கதவை நானே சாத்தித் தாழ்ப்பாளை இறக்கினேன். உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டி சரியுது என்று கஜபதி சிரித்தான்.

உயிர்ச்சேதம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். மச்சானிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

கன்னியப்பன்


கள்ளிக்குப்பம்
1-10-88

கன்னியப்பனுக்கு,

என் இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டன. நான் சொல்லச் சொல்ல பேபி எழுதுகிறாள்.

உங்கள் சட்டம் எங்கள் யார்டில் கிடையாது. அடைக்க ஆரம்பித்த பெட்டிக்குச் சீல் வைக்கும்வரை ஒரு ஆள் உள்ளேயே காவல் இருக்க வேண்டும். மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்பிய பிறகுதான் அவர் சாப்பிடலாம். அன்றைக்கு முறை உன் மச்சானுடையது. அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் துண்டை விரித்துப் படுத்தவர் கண்ணயர்ந்திருப்பார். இந்த ஒன்றை மட்டும் நான் உனக்கு எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் உயிரோடு இருந்திருப்பாரே என்று நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

நீ கேட்ட சத்தம் அவர் கதவை உதைத்த சத்தம். "உள்ள ஆளு கீதுடா" என்று நான் கத்தினேன். உன் ஆட்கள் கேட்டிலேயே மறித்துக் கட்டையால் என் முதுகில் அடித்துத் துரத்தினார்கள். அவர்கள் ஓடிய பிறகு, பழுக்கக் காய்ந்திருந்த தாழ்ப்பாளை நான்தான் தூக்கினேன். கைத்தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்ததும் என் மேல் விழுந்தார். முகம் என்று ஒன்றும் இல்லை. அரைஞாணில் கட்டியிருந்த சாவியைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னேன். பேபியைப் பார்க்க விடவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் கதவைச் சாத்தினாய். நம்புகிறேன். நம்பியும் ஆறவில்லை. உன்னை அதே பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும் போலிருக்கிறது.

உன் கடிதத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். "கூடப் பொறந்தவன்மா, நல்லா யோசிச்சியா?" என்று கேட்டார். யோசித்தேன் என்றேன். இந்தக் கடிதத்தை அவரே உன் கையில் கொடுப்பார். நீ கடைசி வரி வரைக்கும் படிக்காமல் விலங்கு மாட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

படித்துவிட்டாய். கையை நீட்டு.

வீராசாமி பெண்சாதி
தாயம்மா