பைக்காலின் அடிவரை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறும்போதுதான் குடை நினைவு வந்தது. பீன்யா போய்ச் சேர்வதற்குள் புடவை பாதி நனைந்தாயிற்று.

பட்டறையில் புது வேலை. வழக்கமாகப் பம்பு, வால்வு வார்க்கும் கம்பெனிகளுக்கு மர அச்சு செய்வோம். இது ஏரிகள்! பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று கேட்டிருக்கிறது. உலகத்தின் பெரிய ஏரிகளில் ஐந்து. தண்ணீரை வடித்துவிட்டால் உள்ளே எப்படி இருக்குமோ அப்படியே பலகையில் குடைய வேண்டும். பிள்ளைகள் கைவிட்டுப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டுவது நான், அதனால் என் தலையில்.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். ஆழத்தையும் அதே கணக்கில் வைத்தால் உலகத்திலேயே ஆழமான ஏரி ஒரு நாணயத்தின் கனம்தான் வருகிறது. நம்பாமல் மறுபடி போட்டுப் பார்த்தேன். அதேதான். பூமி அவ்வளவு பெரிசு. விரலுக்குத் தெரியட்டும் என்று ஆழத்தை மட்டும் நூறு மடங்கு கூட்டச் சொல்லியிருக்கிறார்கள், எல்லா ஏரிக்கும் ஒரே மாதிரி.

நம் அல்சூர் ஏரி இந்த அளவில் ஒரு கடுகு.

வீட்டில் இவர் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில். இட்லி மூடியபடி.

ஜூலை 10, வியாழன்

குளிர் காற்று. வாங்க: இவருக்குக் கண் சொட்டு மருந்து, ரவை, உப்புத்தாள் (பட்டறைக்கு).

விக்டோரியா முடிந்தது. ஆப்பிரிக்கா. பலகையில் பரந்து கிடக்கிறது. ஆழம் என் சுண்டு விரல் நுனி அளவுகூட இல்லை. இத்தனை அகலத் தண்ணீரும் ஒரு தாம்பாளத்தில் ஊற்றி வைத்தது போல. சுப்பீரியர், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில், நேற்றே ஆகிவிட்டது. அதில் விரலை நேராக விட்டால் பாதிக்கு மேல் மறைகிறது.

ராத்திரிச் சாப்பாட்டில் சும்மா கேட்டேன். "மெட்ராஸ் எவ்ளோ கிலோமீட்டரு, இங்கேருந்து?"

"முந்நூத்தம்பது. இன்னாத்துக்கு?"

"விக்டோரியா ஏரி அவ்ளோ நீளம் வருது."

மெல்வதை நிறுத்தினார். "ஏரியா? நம்ம வீட்டாண்டயிருந்து மெட்ராஸ் வரைக்கும் தண்ணியா?"

"ஆமா."

"ஆறு மணி நேரம் ஓட்டணுமே, சாந்தி."

பதினெட்டு வருஷம் டூரிஸ்ட் கார் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு போய், சாவியைக் கொடுத்தது போன வருஷம். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். வாசலைத் தாண்டுவதில்லை. வாங்கி வைத்த வெள்ளைக் கோல் அலமாரி மேல், உறைகூடப் பிரிக்காமல். பேச்சு "ம்", "வேணாம்". இன்று அதிகம் பேசினார்.

ஜூலை 12, சனி

ஸ்டெல்லா டீச்சர் பட்டறைக்கு வந்தார். அந்தப் பள்ளியில் பூகோளம் எடுப்பவர், ஏரிகளைக் கேட்டதே அவர்தான். பிறவியிலேயே பார்வை இல்லை. பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு நடத்துகிறாராம், பாதி வயதில் கண் போனவர்களுக்குக் கோல் பிடித்து நடக்க.

சுப்பீரியரின் விளிம்பில் விரல் வைத்தார். "இங்க தண்ணி முடியுதா, இல்ல மலை முடியுதா? எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணால் பார்த்து நீலக்கோடு போட்டிருந்தேன். கோட்டை யார் தொடுவது! கரையைச் சொரசொரப்பாக விட்டு, தண்ணீர்மட்டத்துக்குக் கீழே வழவழவென்று தேய்ப்பது என்று முடிவு.

காஸ்பியன் மெஷினில். பெயர் கடல். சுற்றிலும் நிலம், எந்தச் சமுத்திரத்துக்கும் வழி இல்லை. ஆகவே ஏரி, உலகத்திலேயே பெரிசு. பலகை என் நெஞ்சு உயரம். வடக்குப் பக்கம் நகம் வழுக்கும் அளவுதான் பள்ளம். தெற்கே போகப் போக விரல்கள் முழுக்க இறங்கி, உள்ளங்கையும் கொஞ்சம் புதைகிறது. ஒரே ஏரிக்குள் இத்தனை வித்தியாசமா என்று நின்றுவிட்டேன். அதன் கரையே கடல்மட்டத்துக்குக் கீழே என்கிறார் டீச்சர். கரையில் நிற்கிறவன் கடலுக்கு அடியில் நிற்கிற மாதிரி.

பெரியவர்கள் வகுப்பைப் பற்றி இவரிடம் சொன்னேன். "வேணாம்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அடுக்களைக்குப் போய்விட்டேன். கோபம் அவர்மேலா, யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

மழை இல்லை. பைக்கால்.

சைபீரியா. கட்டர் அடிவரை எட்டவே இல்லை. பாதியிலேயே மெஷின் தலை பலகையில் இடிக்கிறது. ஆறு அடுக்காகத் தனித்தனியே குடைந்து ஒட்டுவது என்று ஏற்பாடு. ஓனர் நாகப்பா எட்டிப் பார்த்தார். "சாந்தம்மா, இது கெரே அல்லம்மா. பாதாளா!" ஏரி இல்லையாம், பாதாளமாம்.

நேற்று இப்படியே அடுக்காக ஒட்டி முடித்த ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவும் ஆழம்தான், பைக்காலுக்கு அடுத்தது அதுதான். ஆனால் இது வேறு. மூன்று குழிகள், நடுவில் இரண்டு மேடுகள். மேற்குக் கரை சுவர் மாதிரி நேராக விழுகிறது, கிழக்கு கொஞ்சம் சரிவு. பூமி அந்த இடத்தில் இரண்டாக விலகிக்கொண்டிருக்கிறதாம், இன்னமும். நாம் தொடும் அடியும் அடி இல்லை. அதற்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் வண்டல். அதையும் குடைந்தால் என் மேஜையைத் துளைத்துத் தரையைத் தொடும். உலகத்தின் உறையாத நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பிளவில்.

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. நல்ல விதமாகத்தான்.

ஜூலை 19, சனி

அடுக்குகளை ஒட்டியாயிற்று. உள்ளே ஒட்டின விளிம்புகளைக் கையால்தான் தேய்க்க வேண்டும். குழிக்குள் இருட்டு, கண்ணுக்கு எட்டாது. எனக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. காலையில் இவரிடம் கேட்டேன், வாங்களேன் என்று.

"கண்ணு தெரியாதவன் அங்க வந்து இன்னா பண்ணப்போறேன்?"

"எனக்கு உங்க கைதான் வேணும்."

நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சட்டையைக் கேட்டார்.

ஆட்டோவில் முழுக்க என் முழங்கையை இறுகப் பிடித்தபடி. பட்டறையில் ஸ்டூலில் உட்காரவைத்து, வலது கையை எடுத்து பைக்காலின் கரையில் வைத்தேன்.

"இது எவ்ளோ நீளம்?"

"கன்னியாகுமரி போற தூரம். கொஞ்சம் கம்மி."

விரல் கரையோரமாக நகர ஆரம்பித்தது. மெதுவாக, வாய்க்குள்ளேயே: "ஓசூர்... கிருஷ்ணகிரி... தர்மபுரி... இங்க தொப்பூர் எறக்கம்... சேலம்..." நாமக்கல், கரூர், திண்டுக்கல். மதுரையில் சற்று நின்றார். டீ குடிக்கிற இடம். விருதுநகர், நெல்லை, நாகர்கோவில். விரல் பலகையின் முனையைத் தொட்டது.

"அவ்ளோ ரோடும் தண்ணியா!"

"கைய உள்ள விடுங்க."

கையைக் குறுக்கி நடுக்குழிக்குள் இறக்கினார். விரல்கள் போயின. உள்ளங்கை போயிற்று. "இன்னும் போவுது... சாந்தி, இன்னும் போவுது." மணிக்கட்டுக்குக் கிட்டே நின்றது. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் உப்புத்தாள் கேட்டார். பொழுது சாயும்வரை தேய்த்தார். முகமெல்லாம் மரத்தூள்.

ஜூலை 23, புதன்

பள்ளிக்கூடத்தில் ஐந்து ஏரிகளையும் இறக்கினோம். ஓனர் வண்டி. இவரும் வந்தார், நான் கூப்பிடாமலே.

நீள மேஜையில் டாங்கனிக்காவும் பைக்காலும் அடுத்தடுத்து. பிள்ளைகள் வரிசையாக. பேச்சும் சிரிப்புமாக வந்தவர்கள் பைக்காலில் கை இறங்கியதும் கப்பென்று அடங்கிவிடுகிறார்கள். ஒரு பெண் கன்னடத்தில், "மிஸ், முகியோதே இல்ல!" முடியவே இல்லையாம்.

பிள்ளைகள் போனபின் இவர் மேஜையருகே. இடது கை டாங்கனிக்காவில், வலது கை பைக்காலில்.

"டீச்சர், இவ்ளோ கீழ வெளிச்சம் இருக்குமா?"

"ரெண்டுலயும் கெடையாது சார். மேல கொஞ்ச தூரத்துலயே நின்னுடும்."

"அப்ப மீனு?"

"உங்க இடது கைல இருக்கறதுல மேல்பக்கம் மட்டும்தான். அங்க மேல் தண்ணியும் அடித் தண்ணியும் கலக்கறதே இல்ல. கீழ மீன் பொழைக்காது. வலது கைல இருக்கறதுல அடிவரைக்கும் உயிர் இருக்கு."

"அந்த இருட்டுலயா?"

"ஆமா சார். குளிர்ந்த தண்ணி மேலேருந்து கீழ எறங்கும்போது காத்தையும் கொண்டுபோகுது. காத்து இருந்தா போதும். வெளிச்சம் இல்லாமலேயே வாழுதுங்க."

இவர் இடது கையை எடுத்துவிட்டார். வலது கை அப்படியே. நாங்கள் கிளம்ப வேண்டும், ஓனர் ஹாரன் அடித்துவிட்டார். நான் கூப்பிடவில்லை.

"உங்க பெரியவங்க வகுப்பு," என்றார், கையை வெளியே எடுக்காமலே, "என்னைக்கு டீச்சர்?"

ஜூலை 30, புதன்

வெயில். இன்று ஒரு வால்வு அச்சு. சின்ன வேலை, மனம் ஒட்டவில்லை.

இவர் வகுப்புக்கு நேற்று முன்தினமும் நேற்றும் நான் கூடப் போனேன். இன்று தனியாக. வாசலில் கோலை நீட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி வராத," என்றார். நான் போகவில்லை. மெட்ரோவில் ஒரு ஸ்டேஷனும் கண்ணில் படவில்லை, பீன்யாவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

பத்தரைக்குப் போன் வந்தது. மெஷினை நிறுத்தினேன்.

"வந்துட்டேன்."

"ரோடு?"

"தாண்டிட்டேன். நடுவுல ஒரு பஸ்ஸுகாரன் ஹாரன் அடிச்சான். நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? நடந்தேன்."