லாமரின் கட்டில்

சான் இலாரியோ,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சில்வினாவுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலையும் உன் அம்மாவின் வாயையும் தவிர இங்கே எல்லாம் நலம். ஸ்பெயின் குளிரில் நீயும் பேரனும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். போனில் என்றால் நான் முடிப்பதற்குள் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம்.

நம் கூடைப்பந்து கிளப்பின் அறுபதாம் ஆண்டு விழாவுக்கு லாமர் அமெரிக்காவிலிருந்து வருகிறானாம், அடுத்த மாதம் நம் வீட்டில் தங்கலாமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறானாம். என்னிடம் கேட்கத் துணிவில்லை. நீயும் அவன் கடிதத்தை அனுப்பிவிட்டு, போதும்ப்பா, மன்னிச்சிடுங்க என்கிறாய். எதை மன்னிக்கச் சொல்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? உனக்கு அப்போது பத்து வயது.

ஆரம்பத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் ஆடிக்கொண்டிருந்தோம். கூடை வளையத்தை ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்து நானே வளைத்தேன், எவனும் சொல்லித்தரவில்லை. கூரையை ஊரே ஏற்றியது. புள்ளிப் பலகைக்கு மாட்டுக்கொட்டகை பல்புகளைக் கழற்றி மாட்டினேன். எண்பத்தேழில் தேசிய லீகுக்குப் போனோம். ஊரில் நாலாயிரம் பேர், அரங்கில் மூவாயிரம் பேர். ஆட்ட நாளில் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே பால் கறந்துவிடுவார்கள், மாடுகளுக்குக்கூட ஆட்டத் தேதி தெரிந்திருந்தது. வெளியூர் ஆட்டக்காரர்களை ஆளுக்கொரு வீடாகப் பிரித்துக்கொண்டோம், நமக்கு லாமர். உயரம் இரண்டு மீட்டர் ஆறு சென்டிமீட்டர். உன் கட்டிலில் அவன் கால் முழங்கால் வரை வெளியே தொங்கியது. கால்மாட்டில் ஒரு மரப்பெட்டி செய்து இணைத்தேன். நீ இரண்டு வருடம் எங்கள் அறையில் படுத்தாய். ஞாயிறுதோறும் உன் அம்மாவின் ரவியோலியில் மூன்று தட்டு தின்பான், நம் கசப்பு மாத்தே டீயைக்கூடக் குடிக்கப் பழகிவிட்டான். மகன் மாதிரிதான் வைத்திருந்தேன்.

தொண்ணூற்றொன்றில் கடைசி ஆட்டம் வெள்ளிக்கிழமை, தோற்றால் லீகிலிருந்து வெளியே. செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் கட்டில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது, மேசையில் நம் வீட்டுச் சாவி. ஒரு சொல் இல்லை. ரொட்டிக் கடைக்காரன் பிராண்டோலினி எல்லோர் முன்னாலும், என்ன எர்மினியோ, உன் நெட்டைப் பிள்ளை ஓடிட்டானாமே, ரவியோலி செரிக்கலியோ என்றான். வெள்ளிக்கிழமை தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு புள்ளியில் தோற்றோம். அதோடு போயிற்று, இப்போது சின்னப் பிள்ளைகள்தான் அங்கே ஆடுகிறார்கள்.

இப்போது அவன் எழுதுகிறான், லீகில் நமக்கிருந்த இடத்தைத் கிளப் தலைவர் தெலூக்கி முந்தின வாரமே பெரிய நகரத்துக் கிளப் ஒன்றுக்கு விற்றுவிட்டாராம், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதானாம், திங்கட்கிழமை சாயங்காலம் அதை அவனிடம் மட்டும் சொல்லி, இனிச் சம்பளம் இல்லை என்று அன்றைக்கே அனுப்பிவிட்டாராம். நான் ஏணி மேல் நின்று பலகைக்குப் புது பல்பு மாட்டிக்கொண்டிருந்தேனாம், அவன் அரங்கின் கதவு வரை வந்து பார்த்துவிட்டு, சொல்ல மனம் வராமல் திரும்பிப் போனானாம். தெலூக்கியின் சவப்பெட்டியை நானும் தூக்கினேன், சில்வினா. இடது பக்கம், முன்னால்.

இரண்டு நாள் யோசித்தேன். அவன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும், அதில் நான் மாறப்போவதில்லை. ஆனால் சொல்லியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை நான் அப்படிக் கத்தியிருப்பேனா? மாட்டேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல ஆட்டம் பார்த்ததில்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லிவைக்காதே.

நேற்று அவன் கட்டிலின் கால்மாட்டுப் பெட்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்தேன். அம்மா வாசலில் நின்றுகொண்டு, முப்பத்துமூணு வருஷமா இதை விறகாக்காம வெச்சிருந்தது எதுக்காம் என்றாள். நல்ல மரம் என்றேன். பெட்டியின் ஒரு காலைக் கரையான் தின்றிருந்தது, மாற்றிவிட்டு உன் கட்டிலோடு திருகிவிட்டேன். இது மன்னிப்பு இல்லை. என் வீட்டில் ஒரு மனிதன் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, அவ்வளவுதான். விழாவுக்கு நான் போக மாட்டேன், தெலூக்கி படத்துக்கு மாலை போடுவார்கள்.

நீயும் பேரனும் நோய் நொடியின்றி நீண்ட நாள் வாழ வேண்டும். அவனுக்கு மறக்காமல் எழுது, சமையலறை வாசல் நிலை இன்னும் அதே உயரம்தான், குனிந்து வரச் சொல்.

உன் அப்பா,
எர்மினியோ