நூற்றில் ஒன்று

காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் டீசல் வாசமும், யாரோ ஈரத்தலையில் வைத்திருந்த மல்லிகை வாசமும் சேர்ந்து வந்தன. நீ உட்காரும் ஜன்னலோர இருக்கையில் வேறொரு பெண். துடியலூர் வரும்வரை மனதுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

மகள் என் வயிற்றில் இருந்தபோது, ரத்தப் பரிசோதனையில் ஆபத்து அதிகம் என்று வந்தது. குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. இன்னொரு பரிசோதனை செய்தால்தான் உறுதியாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் காதில் வாங்கவே இல்லை. ஆபத்து என்ற சொல் மட்டும்தான் கேட்டது. கலைத்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். கெட்டவரல்ல, பயந்துபோயிருந்தார். நானும் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் உன்னிடம் சொல்லி அழுதேன். பம்ப் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை நீ, கணக்குப் படித்தவள். ஆறுதல் எதுவும் சொல்லாமல் பஸ் முழுவதையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாய்.

“இதே மாதிரி ரெண்டு பஸ் நிறைய, உன்னையாட்டவே ரிசல்ட் வந்த பொம்பளைங்க உக்காந்திருக்காங்கன்னு வெச்சுக்கோ அம்மணி. அதுல ஒருத்தரோட கொழந்தைக்குத்தான் அது இருக்கும். மத்தவங்களுக்கு ஒண்ணும் இருக்காது.”

அந்த ஒருத்தி நானாக இருந்தால் என்று கேட்டேன்.

“இருக்கலாம். இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் யோசிக்கலாம். தெரியாமயே முடிவு பண்ணிப்போடாத.”

அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து அவரிடமும் பொறுமையாக எடுத்துச் சொன்னாய். லீவு போட்டுவிட்டு அடுத்த பரிசோதனைக்கும் கூட வந்தாய். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது, உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டார் அவர்.

பிறகு உனக்கே நோய் வந்தது. பத்துப் பேரில் மூன்று பேர் பிழைப்பார்கள் என்றார்களாம். நீ கட்டாயம் பிழைப்பாய் என்று நான் அடித்துச் சொன்னேன். நீ சிரித்தாய்.

“மூணும் இருக்குது, ஏழும் இருக்குது அம்மணி. மூணுக்காக வைத்தியம் பாக்கறேன். ஏழுக்காக அம்மாவ அண்ணன் ஊட்டுல சேத்திப்போட்டேன்.”

நீ அந்த ஏழு பேரில் ஒருத்தியாகிப் போனாய்.

மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாது. போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள், எனக்கு வந்தது போன்ற ரிசல்ட்டோடு வந்து நின்றாள். விளக்கிச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் கூடப் போனேன். உள்ளே கூப்பிடுவதற்கு முன், “நல்லபடியா வந்துருமுங்களா அக்கா?” என்று கேட்டாள். வந்துவிடும் என்று சொல்ல நாக்குத் துடித்தது.

“தெரியல கண்ணு. நான் இங்கயே இருக்கேன்” என்றேன்.

பொய் சொல்லாமலும் ஒருவருக்குத் துணையாக இருக்க முடியும் என்பது, நீ சொல்லித் தராமலேயே உன்னிடமிருந்து எனக்கு வந்தது.