மேல்புளியம்பட்டு மன்றத்தின் சீட்டுக்கட்டுகளைத் திரும்பப் பெற வேண்டி

அனுப்புநர்:
தீ. நீலாவதி, பி.ஏ.,
த/பெ தீர்த்தகிரி,
மேல்புளியம்பட்டு, ஜவ்வாது மலை.

பெறுநர்:
மதுவிலக்குப் பிரசார அதிகாரி அவர்கள்,
முகாம்: திருப்பத்தூர்.

பொருள்: குடியை விட்டவர்களுக்காகத் திறந்த மன்றத்தில் நடக்கும் சீட்டாட்டத்தை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நேரில் சொல்ல நினைத்து ஒருமுறை தங்கள் முகாம் வாசல்வரை வந்தேன். பேச வாய் வராமல் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

1. பொங்கலுக்கு முன் தாங்கள் எங்கள் ஊருக்கு வந்தபோது, என் தந்தையும் இன்னும் சிலரும் குலசாமி முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து சாராயத்தை விட்டார்கள். மாலையில் அவர்களுக்குக் குடி நினைவு வரக் கூடாதென்று தாங்கள் மன்றம் திறந்து, ரேடியோவும் கேரம் பலகையும் சீட்டுக்கட்டுகளும் கொடுத்தீர்கள். அந்த நல்ல எண்ணத்தை நாங்கள் மறக்கவில்லை.

2. முதலில் தீக்குச்சி வைத்து ஆடினார்கள். பிறகு புளி, கோழி. இப்போது என் தந்தை விதைக்கு வைத்திருந்த சாமையையும் தோற்றுவிட்டார். மழை வந்தால் விதைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. கேட்டால், "கையி சும்மா இருக்க மாட்டேங்குது பாப்பா, இன்னா பண்றது?" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. சாராயத்துக்காக மாலையில் நடுங்கிய அதே கை, இப்போது மன்றம் திறக்கும் முன்பே நடுங்குவதைப் பார்க்கிறேன். முன்பு குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். இப்போது அடிப்பதில்லை, வீட்டில் இருப்பதுமில்லை. "அப்போ சண்டைக்காவது வூட்டுக்கு வந்தாரு" என்று அம்மா சொல்வதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

3. போலீசுக்கு எழுதும்படி சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். போன மாதம் போலீஸ் வருவதாகப் பேச்சு வந்ததும் எல்லோரும் சீட்டை எடுத்துக்கொண்டு காட்டோடைக்குப் போனார்கள். சாராய அடுப்பு இருப்பதும் அங்கேதான். என் தந்தையோடு சத்தியம் செய்த லட்சுமணன் மாமா அன்று குடித்துவிட்டுத்தான் திரும்பினார். அப்பா குடிக்காமல் வந்தார். வாசலில் உட்கார்ந்து, "இன்னிக்குத் தப்பிச்சேன்" என்றார்.

ஆகவே, தாங்களே ஒரு நாள் வந்து, கொடுத்த கையாலேயே சீட்டுக்கட்டுகளை வாங்கிக்கொள்ள வேண்டும். ரேடியோ இருக்கட்டும். ஆனால் வேறு வேலை கொடுக்காமல் சீட்டை மட்டும் எடுத்துவிட்டால் அந்தக் கை மறுபடி சாராயத்தைத் தேடும். மன்றத்துக்குப் பின்னால் பாதியில் நிற்கும் கிணற்று வேலையை மாலை நேரத்தில் இவர்களுக்கே கொடுக்கவும், இவர்களைப் பார்க்க ஒரு டாக்டரை உடன் அழைத்து வரவும் வேண்டுகிறேன்.

குடியை விட்டவர்களில் ஒருவர் என்ற பெயரை என் தந்தையிடமிருந்து இதற்காகப் பறித்துவிட வேண்டாம். அவர் குடியை விட்டது உண்மை. எங்கள் வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

மழைக்கு முன் தாங்கள் வருவீர்கள் என்று நம்பும்,

தீ. நீலாவதி

இடம்: மேல்புளியம்பட்டு
நாள்: 22.5.1978