இருவருக்கும் ஒரே காய்ச்சல்

ஜனவரி 11

நாற்பத்தொரு வருஷமாக நான் பேசாத தங்கைக்கு அக்கா எழுதுவது.

உன் போன் நம்பர் கிடைத்தது. பேசினால் முதல் நிமிஷத்திலேயே சண்டை வந்துவிடும் என்று எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நாலாம் வகுப்போடு பென்சிலை வைத்துவிட்டு ஊசியை எடுத்தவள் நான்.

பயப்படாதே, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். போன மாதம் எங்கள் வீட்டுக்குள் ஃப்ளூ வந்தது. மகன், மருமகள், நான் மூவரும் மூன்று நாள் தும்மிவிட்டு எழுந்துவிட்டோம். பெரிய பேத்தி மட்டும் விழுந்தாள். இருபது வயது, படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிற பெண். பதினோரு நாள் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்து என் சமையலைக் குறை சொல்கிறாள். அதனால் பிழைத்துவிட்டாள் என்று தெரிகிறது.

டாக்டரம்மா கேட்டாள்: "பாட்டி, உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாராவது வெறும் ஃப்ளூவுக்கு இப்படி விழுந்திருக்காங்களா?" யாருமில்லை என்றேன். பஸ்ஸில் திரும்பும்போது உன் ஞாபகம் வந்தது. மறுநாளே போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

கிருமி எல்லோருக்கும் ஒன்றுதானாம். அதை வாசலிலேயே மடக்குகிற காவல் சிலர் உடம்பில் பிறவியிலேயே குறைவாம். அது குடும்ப வழியாக வரலாமாம். பேத்திக்குத் தங்கைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். உன் எச்சிலையும் சோதித்தால் விஷயம் தெளிவாகுமாம். அதற்கு ஒரு சின்னக் குழாய் கொடுத்திருக்கிறார்கள். உன் மேல் துப்பலாமா என்று நான் யோசித்த வருஷங்கள் உண்டு. இன்று உன்னைத் துப்பச் சொல்லிக் கேட்கும்படி ஆயிற்று.

ஆனாலும் தையல் கம்பெனியில் அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் மறக்கவில்லை. பள்ளிச் சட்டை ஆர்டர், சாம்பல் நிறத் துணி, உன் பங்குக்கு நூற்றுப் பன்னிரண்டு காலர். உனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கேதான் எனக்கும் வந்தது. மூன்றாம் நாள் நான் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். நீ மூன்று வாரம் வரவில்லை. அத்தனை காலரையும் நான் தைத்தேன்.

அக்கா

ஜனவரி 17

அக்காவுக்கு,

கவரைப் பார்த்ததுமே கோணல் எழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஒரு டீ போட்டுக் குடித்த பிறகுதான் பிரித்தேன்.

குழந்தை பிழைத்ததில் மனசு நிறைந்தது. உன் சமையலைக் குறை சொல்கிறாள் என்றால் அறிவாளிதான்.

உனக்குக் காலர் கணக்கு நினைவிருக்கிறது. தையல் கம்பெனியில் பதினாலு பெண்கள் முன்னால் நின்று, "அவளுக்குக் காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, நடிக்கிறா" என்று சொன்னது நினைவிருக்கிறதா? நான் திரும்பி வந்தபோது எனக்கு நடிகை என்று பெயர் வைத்திருந்தார்கள். நூல்கண்டு கேட்டால்கூட "நடிகைக்கு எடுத்துக் குடுங்கடி" என்பார்கள். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு வேலையை விட்டேன்.

அந்த மூன்று வாரமும் உதடு நீலம் பாரித்துக் கிடந்தேன். கட்டிங் மாஸ்டர் வாராவாரம் ஆரஞ்சுப் பழத்தோடு படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டு தெரு தள்ளி இருந்த நீ வரவில்லை.

எதையும் மறக்காதவளாயிற்றே நீ. நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மூன்றாம் மாடிக்கு எத்தனை படி? சொல், துப்புகிறேன்.

நடிகை

ஜனவரி 23

தங்கைக்கு,

எழுபத்துமூன்று வயதுக்காரியிடம் படிக்கணக்கா கேட்கிறாய்? கோபத்தில் உன் கடிதத்தை மடித்து மேஜைக்கால் ஆடாமல் இருக்க அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்து மறுபடி படித்தேன்.

நீ முதல் சம்பளத்தில் தைத்துக்கொண்ட ரவிக்கையில் ஐந்து ஊக்கு, மேலிருந்து இரண்டாவது மட்டும் வெள்ளை நூல். அது எனக்குத் தெரியும். உன் வீட்டுப் படி தெரியவில்லை. ஏறியிருந்தால்தானே தெரியும். எழுதிவிட்டேன், போதுமா?

குழாயை இதோடு அனுப்புகிறேன். துப்புவதற்கு அரைமணி முன்னால் எதுவும் வாயில் போடக் கூடாது. டீயும்தான். உன்னைத் தெரியும்.

அக்கா

ஜனவரி 28

அக்காவுக்கு,

துப்பியாயிற்று. கோடு வரை நிரப்புவதற்குள் வாய் வறண்டுவிட்டது. கடைசியில் உன் கோபமூஞ்சியை நினைத்துக்கொண்டேன், உடனே நிறைந்தது. இது குழந்தைகளுக்காக, உனக்காக இல்லை.

இப்போதெல்லாம் நான் அதிகம் இறங்குவதில்லை. ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடை தொங்கவிட்டிருக்கிறேன். பால், காய்கறி, கடிதம் எல்லாம் அதில் ஏறி வருகின்றன. ஆள்தான் யாரும் ஏறி வருவதில்லை.

நடிகை

மார்ச் 6

தங்கைக்கு,

முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா படம் போட்டு விளக்கினாள். நான் அதைக் காலராக்கிப் புரிந்துகொண்டேன். காலருக்கு இரண்டு துணி வைக்கிறோம் இல்லையா, அதுபோல் அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது நிமிர்த்திப் பிடிக்கும். இரண்டும் பழுதென்றால் தொங்கிவிடும். உனக்கு இரண்டும் பழுது. எனக்கு ஒன்று. பெரிய பேத்திக்கு இரண்டும்.

அவளுக்கு ஒன்று மருமகள் வழியில் வந்தது என்று கேட்டதும் மருமகளை ஒரு பார்வை பார்த்தேன். "இன்னொண்ணு உங்க வழிதான் பாட்டி" என்றாள் டாக்டரம்மா. மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அதையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

கடைக்குட்டிக்கும் இரண்டும் பழுதாம். முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் சமாளிக்கலாம் என்கிறாள் டாக்டரம்மா. வருஷம் தவறாமல் தடுப்பூசி, காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உனக்கும் அதேதான்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததை என் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு துணி நல்லதாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நீ நடிக்கவில்லை. அந்தப் பதினாலு பேரில் இப்போது இருப்பது மூன்று பேர். நேற்று மூவருக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஒருத்திக்குக் காது மந்தம். "எந்த நடிகை?" என்று கேட்டாள். "என் தங்கச்சி நடிக்கலடி, நான்தான் தப்பாச் சொன்னேன்" என்று நாலு தடவை கத்தினேன். எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

இதை உன் வீட்டுக்குக் கீழே, சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூடை கண்ணெதிரே தொங்குகிறது. கடிதத்தைப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுப்பேன். ஆரஞ்சுப் பழத்தைக் கூடையில் போடமாட்டேன், அது என் கையோடு வரும்.

கதவைத் திறந்து வை. டீயை உடனே போடாதே, என் முட்டிக்கு நேரமாகும். எத்தனை படி என்று மேலிருந்து கத்திச் சொல்லிவிடாதே. எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

அக்கா