ஐந்தாவது வரியின் பச்சை

மாசி 8, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. லாரி ஆபீஸ் டிவி போர்டு இன்னும் முடியவில்லை. எந்த வண்டி எங்கே என்று காட்ட வேண்டுமாம், முதலாளி ஆசை. பைத்தானில் நானே எழுதும் புரோகிராம். கல்லூரியில் படித்துப் பதினாறு வருஷம். விட்ட குறை தொட்ட குறை.

பிரச்சினை: ஊர் மாறும்போது பழைய எழுத்து அழியாமல், ஓசூர் மேலேயே நாக்பூர். கோழி கிளறிய மாதிரி. சாயங்காலம்தான் பிடிபட்டது. எழுத்துக்குப் பின்னால் நிறம் கொடுத்தால் அது பழையதை மூடிவிடும். சின்னப் பெயர் வந்தால் பழையதன் வால் மட்டும் மிச்சம்; பெயர் வரும் கட்டம் முழுக்க நிறம் அடித்தபின் சரி.

போகிற வண்டி மஞ்சள். சரக்கு இறக்க நிற்பது சிவப்பு. திரும்புவது பச்சை.
வாங்க: தயிர், பல்பு.

மாசி 9, செவ்வாய்
போர்டு ஓடுகிறது!
பழனியம்மாள் அக்கா வந்தார். டிரைவர் ராமசாமி அண்ணனின் மனைவி. பக்கத்துத் தறியில் வேலை. போன் பேசிக்கொண்டே அண்ணன் ஒருமுறை வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதிலிருந்து இவர் அவருக்குப் போன் செய்வதே இல்லை. ஆபீசுக்கு வந்து யாரையாவது கேட்டுக்கொண்டு போவார். எழுத்து தெரியாது. இன்று மூன்று நிறத்தையும் சொன்னேன்.

“அஞ்சாவது வரி எங்கூட்டுக்காரர் வண்டிங்களா? மஞ்சளு. இன்னும் போயிட்டுத்தான் இருக்கறாருங்க.”

தானே படித்துவிட்டுப் போனார். எனக்கு ஒரே பெருமை. வீட்டில் இரண்டு தடவை சொன்னேன். வீட்டுக்காரர் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாசி 11, வியாழன்
காற்று, புழுதி. முதலாளி: “போற வண்டிக்குப் பச்சை போடும்மா, சிக்னல் மாதிரி. ஊடு திரும்பறதுக்கு மஞ்சள். மங்களகரமா இருக்குமல்ல.”

சரிதானே என்று தோன்றியது. இரண்டு சொல்லை இடம் மாற்றினேன். ஒரு நிமிட வேலை. போர்டின் அடியில் எந்த நிறம் எதற்கு என்ற விளக்கத்தையும் மாற்றி எழுதினேன். கெட்டிக்காரி.
கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சு.

மாசி 12, வெள்ளி
மதியம் பேங்க். கூட்டம். திரும்பி வந்தால் என் மேஜையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. “தறிக்கார அக்கா வெச்சுட்டுப் போச்சுங்க. போர்டப் பாத்து ஒரே சிரிப்பு” என்றார் மேனேஜர். எதற்கென்று தெரியவில்லை. பொரியல் நன்றாக இருந்தது.

மாசி 15, திங்கள்
ஆபீஸ் திறக்கும் முன்பே அக்கா வாசலில். தலைகூட வாரவில்லை.

“வெள்ளிக்கிழமை பச்சை பாத்துட்டுப் போனனுங்க. ரெண்டு நாள்ல வந்துருவாருன்னு நேத்து கோழி அறுத்து ஆக்கி வெச்சனுங்க. வரலை. இன்னிக்கு செவப்பா இருக்குது. வழியில ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா அம்மிணி?”

உடனே அண்ணனுக்குப் போன், ஸ்பீக்கரில்.

“நாக்பூர்ல குடோன் வாசல்ல நிக்கறனுங்க. ஜவ்வரிசி இன்னும் எறக்கலீங்க. ஏனுங்க?”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நிறத்தை மாற்றியது நான்தான், உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன்.

“செரி உடுங்க. ஆளு நல்லா இருக்கறாருல்ல.”

திட்டியிருக்கலாம். விளக்கம் எழுதினேனாம், படிக்கத் தெரிந்தவர்களுக்கு. அந்தக் குழம்பை வைத்துக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மேல்தான் கோபம்.

நிறங்களைப் பழையபடி மாற்றினேன். முதலாளி மறுபடி சிக்னல் என்று ஆரம்பித்தார். “சிக்னலை ரோட்டுல பாத்துக்கலாங்க” என்றேன்.

மாசி 17, புதன்
இருமல். ராமசாமி அண்ணன் திரும்பும் லோடு ஏற்றிக் கிளம்பியாச்சு. ஐந்தாவது வரி பச்சை. இரண்டு தடவை சரிபார்த்தேன். அக்கா வரவில்லை.

மாசி 19, வெள்ளி
அண்ணன் போன்: தொப்பூர் தாண்டிவிட்டார், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர். தறிக்கு ஆள் அனுப்பினேன். அக்கா வந்து போர்டு முன்னால் நின்றார்.

“இது நெசப் பச்சைங்களா?”

“ஆமாங்கக்கா. இப்பத்தான் அவர்கிட்டப் பேசுனேன்.”

“செரிங்க.”

பெஞ்சில் உட்கார்ந்தார், டிவிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து. டீ கொடுத்தேன். ஆறிக்கொண்டிருக்கிறது. மணி பன்னிரண்டு. ஐந்தாவது வரி பளிச்சென்று பச்சை. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.